கோசலை தைத்த அறுபது கிராம் பை

பாரிஸ் லாச்சப்பலில் கோசலை என்று கேட்டால் எந்தக் கோசலை என்று திருப்பிக் கேட்பார்கள். நகைக்கடைக் கோசலை ஒருத்தி இருக்கிறாள். திரான்சியிலிருந்து கோயிலுக்கு மாலை கட்டிக்கொண்டு வருகிற கோசலை இன்னொருத்தி. இது தையல்காரக் கோசலை. புங்குடுதீவுச் சின்னத்தம்பி ஓவசியருக்கு மூன்று பெண்கள். அதில் நடு மகள். ஓவசியரின் தமக்கையை அனலைதீவில் கட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தமக்கையின் இரண்டாவது மகன்தான் இராஜேந்திரன். ஆக, கோசலை கட்டியது சொந்த மச்சானை. இராஜேந்திரனின் கடைசித் தங்கை துஷாந்தி. அவள் பிறந்த வழியிலும் மச்சாள், புகுந்த வழியிலும் மச்சாள். அதனால் அவளுடைய வாய்க்கும் இரட்டை உரிமை.

இராஜேந்திரன் ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல். கோசலைக்கு ஒரு சாறிக்கடையின் பின்னறையில் இடம். ஒரு தையல் மெசின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, சட்டை போட்டுப் பார்க்க ஒரு திரைச்சீலை. இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். பாரிசில் கலியாணம் கட்டின பெண்களில் பாதிப் பேரின் தோளகலம் அவளுடைய கொப்பியில் இருக்கிறது. “எனக்கு இன்னும் முப்பத்தாறுதான் அக்கா” என்று வருகிறவளின் இடுப்பில் நாடா நாற்பதைக் காட்டும். கோசலை வாய் திறக்க மாட்டாள். நாற்பது என்று எழுதுவாள், நாற்பதுக்குத் தைப்பாள். போட்டுப் பார்த்தவள், “பாத்தீங்களோ, நான் சொன்ன அளவுதானே” என்று சந்தோசமாகப் போவாள்.

இப்படிப்பட்ட கோசலையிடம் நாலு வருடத்துக்கு முன் ஆரெலி வந்து சேர்ந்தாள். பின்தெருவில் சின்னக் கடை வைத்திருக்கிற பிரெஞ்சுக்காரி, வயது முப்பத்தைந்து இருக்கும். வீட்டில் பாம்பு, ஓணான் வளர்க்கிற ஆட்கள் விடுமுறைக்குப் போகும்போது அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அன்று அவள் கையில் ஒரு கிழிந்த தலையணை உறை.

“இதைப்போல ஒரு பை வேணும் மதாம். ஆனால் கிழியக் கூடாது.”

“உள்ளுக்கை என்ன வைக்கிறது?”

“பாம்பு.”

முன்கடையில் சாறி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். கோசலை மட்டும் நாடாவைக் கழுத்திலிருந்து இறக்கி, “என்ன நீளம், என்ன பருமன்?” என்று கேட்டாள்.

அது தனக்குச் சரியாகத் தெரியாது என்று ஆரெலி சொல்ல, கோசலை கடையை அரை மணி நேரம் சாத்திவிட்டு அவள் பின்னாலே போனாள். ஆரெலி ஒரு பாம்பை எடுத்து, மேசையில் மரக்கோலுக்குப் பக்கத்தில் கிடத்தி, தலையையும் வாலையும் பிடித்து இழுத்து நீட்டினாள். கோசலை போட்ட சத்தத்தில் பாம்பைவிட ஆரெலிதான் பயந்துபோனாள்.

“நிப்பாட்டு! உயிரோடை இருக்கிறதை ஆரும் கிடத்தி அளக்கிறதே? கிடத்தி அளக்கிறது பெட்டிக்கு!”

சவப்பெட்டிக்கு என்று பிரெஞ்சில் சொல்லத் தெரியாமல், கையைக் கட்டிக் கண்ணை மூடிக் காட்டினாள். பிறகு தன் பையிலிருந்து வெள்ளை நூற்கட்டையை எடுத்தாள். பாம்பை மேசையின் சுவரோரம் அதன் பாட்டில் ஊர விட்டாள். அது சுவரை அணைத்துக்கொண்டு போகப் போக, தலையிலிருந்து முதுகோடு நூலை ஒரு விரலால் படிய விட்டு, வால் நுனியில் நகத்தால் கிள்ளி வெட்டினாள். மூன்று தரம் அப்படிச் செய்து, மூன்று நூலையும் நாடாவில் பிடித்து, நடு அளவைச் சொன்னாள். கையை எடுக்க முதல் பழக்கத்தில் நடு உடம்பையும் ஒரு சுற்றுச் சுற்றி அளந்துவிட்டாள். நீளம் எடுத்துவிட்டு இடுப்பு எடுக்காமல் விட அவளுக்குத் தெரியாது.

ஆரெலி தன் மரக்கோலைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அதை அவள் பாம்புக்கு எடுக்கவில்லை.

பையும் நல்ல பை. மெல்லிய பருத்தித் துணி, மூச்சுப் போக. பாம்பின் பல்லில் கொளுவாமல் இருக்க ஒரு நூல் நுனிகூட உள்ளே தெரியாதபடி தையலைத் தையலுக்குள் மடித்து அடித்திருந்தாள். ஆரெலி ஒவ்வொரு தரமும் வெறும் பையை நிறுத்து, பிறகு பாம்போடு நிறுத்துக் கழிக்கிறதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நேரம் அதை ஏன் காக்க வைக்கிறாய்? எல்லாப் பையையும் நான் ஒரே பாரமாத் தாறன்” என்றாள். சுருக்குக் கயிற்றை நறுக்கி நறுக்கி ஒவ்வொன்றையும் அறுபது கிராமுக்குக் கொண்டுவந்தாள். ஆரெலி முதல் பத்துப் பையை நிறுத்துப் பார்த்தாள். பத்தும் அறுபது. அதற்குப் பிறகு அவள் வெறும் பையைத் தராசில் வைத்ததே இல்லை. யாராவது கேட்டால், “மதாம் கோசலையின் பை, அறுபது” என்பாள்.

புதன்கிழமை பின்னேரம் கோசலை அங்கே போய் இருக்கிற பாம்பெல்லாவற்றுக்கும் அளவெடுத்துக் கொடுப்பாள். வீட்டில் அதற்குப் பட்ட பகிடி கொஞ்சமல்ல.

“இனிப் பாம்புக்கும் சட்டை தைக்கப் போறீரோ?” என்பார் இராஜேந்திரன்.

“அதுக்கென்ன, அது தன்ரை சட்டையைத் தானே போட்டுத் தானே கழட்டும். நீங்கள் கழட்டிப் போடுற சட்டையை ஆர் எடுத்து வைக்கிறது?” என்பாள் கோசலை. இராஜேந்திரன் அதோடு குசினிக்குள் போய்விடுவார்.

போன கார்த்திகையில் ஆரெலியிடம் கிருத்திக் என்று ஒரு பிள்ளை வந்தான். மதுரைப் பெடியன்; கணினி வேலை. பெரிய பெட்டிக்குள் ஒரு சோளப்பாம்பு கொண்டுவந்தான். விசமில்லாத சாதி, செம்மஞ்சள் நிறம், முதுகில் சிவப்புத் திட்டு. பெயர் ஜாங்கிரி. அன்று சும்மா பார்க்க வந்திருந்த துஷாந்தி, “ஜாங்கிரியை நாங்கள் தேன்குழல் எண்டுதானே சொல்லுறது. எங்கடை ஆக்களெண்டால் அப்பிடித்தான் பேர் வைச்சிருப்பம்” என்று வாசலில் நின்றபடியே சொன்னாள். உள்ளே வரமாட்டாள்.

கிருத்திக்கின் தாய்க்கு மதுரையில் இருதய ஆபரேசன். மூன்று மாதம் போய் நிற்க வேண்டும். சகோதரம் இல்லை, தகப்பனும் இல்லை. பாம்பைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் கோசலை பக்கம் திரும்பினான்.

“ஆண்ட்டி, வாரா வாரம் வெயிட்டும் நீளமும் மட்டும் மெசேஜ் போட்டுடுங்க. அங்க ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கிறப்ப இது ஒரு கவலை இல்லாம இருக்கணும்.”

“நான் பாக்கிறன் தம்பி. நீர் அம்மாவைப் பாரும்.”

சொன்ன சொல் அவ்வளவுதான். நீளம் எண்பத்துநாலு சென்ரிமீற்றர், பாரம் நூற்றைம்பத்திரண்டு கிராம் என்று ஆரெலியின் பதிவேட்டில் எழுதினார்கள். பதிவேட்டில் இடமில்லாத இடுப்பளவைக் கோசலை தன் கொப்பியில் எழுதினாள்: ஐந்தரைச் சென்ரிமீற்றர்.

ஜாங்கிரி சாப்பிடவில்லை. முதல் கிழமை இடம் மாறிய பயம் என்றாள் ஆரெலி. அடுத்த கிழமை நூற்றுநாற்பத்தொன்பது. பிறகு நூற்றுநாற்பத்தைந்து. பிறகு நூற்றுநாற்பத்தொன்று. சின்ன எலியை முன்னால் வைத்தால் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

“வைத்தியரிடம் கொண்டுபோவமோ?” என்று கோசலை கேட்டாள்.

“இப்போதே கொண்டுபோய்ப் பிடித்து இழுத்தால் அந்தப் பயத்தில் இன்னும் சாப்பிடாது. நூற்றுமுப்பத்தைந்துக்குக் கீழே போனால் அன்றைக்கே போவோம். ஒரு நாளும் வைத்திருக்க மாட்டேன்” என்றாள் ஆரெலி.

கோசலைக்கு மனம் கேட்கவில்லை. அதே கிழமைதான் மதுரையில் தாய்க்கு ஆபரேசன். அங்கே தாய், இங்கே இது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தனிப் பிள்ளை. அன்று குளித்து, சாமிப் படத்துக்கு முன் நின்று, நயினாதீவு நாகபூசணி அம்மாளை நினைத்து இரண்டு ஈரோக் காசு ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்தாள். பிள்ளைகளுக்குச் சுகமில்லை என்றால் நேர்த்திக் காசைக் கையில் கட்டுவார்கள். கையில்லாத இந்தப் பிள்ளைக்கு எங்கே கட்டுவது? ஜாங்கிரியின் பையை வீட்டுக்குக் கொண்டுவந்து, வாய் மடிப்பைப் பிரித்து, காசை உள்ளே வைத்து, அசையாமல் தைத்து மூடினாள். ஆருக்கும் சொல்லவில்லை. நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்று இராஜேந்திரனுக்குக்கூடச் சொல்லவில்லை.

அறுபது கிராமுக்குக் கயிறு நறுக்கின அந்தக் கைக்கு, அம்மாளின் காசுக்கும் பாரம் உண்டு என்று அப்போது தோன்றவில்லை.

அடுத்த புதன் தராசு ஏறியது. பையைக் கழித்தால் நூற்றுநாற்பத்தேழு. ஆரெலி கை தட்டினாள். “தண்ணீர் நல்லாகக் குடித்திருக்கும். திரும்பத் தொடங்கிவிட்டது, பாருங்கள்!” கோசலை மனதுக்குள் கும்பிட்டாள். கிருத்திக்குக்குச் செய்தி போட்டார்கள். ஆபரேசன் முடிந்து தாய் கண் திறந்த அன்று அது போய்ச் சேர்ந்திருக்கிறது. “ரெண்டு நல்ல நியூஸ் ஆண்ட்டி” என்று பதில் வந்தது.

அதற்கடுத்த கிழமை நூற்றுநாற்பத்துமூன்று. பரவாயில்லை, நூற்றுமுப்பத்தைந்துக்கு இன்னும் தூரம் என்றாள் ஆரெலி. அதற்கும் அடுத்த புதன் நூற்றுநாற்பது.

அன்றுதான் கோசலை இடுப்புக்கு நூலைச் சுற்றி எடுத்து நாடாவில் பிடித்துவிட்டு அப்படியே நின்றாள். ஐந்து சென்ரிமீற்றரும் ஒரு மில்லிமீற்றரும். கொப்பியைப் புரட்டினாள். நூற்றுநாற்பத்தொன்று காட்டிய அன்றைக்கு ஐந்து தசம் மூன்று. அன்றைக்கும் இன்றைக்கும் பாரத்தில் ஒரே ஒரு கிராம்தான் வித்தியாசம். இடுப்பிலோ இரண்டு மில்லிமீற்றர் போயிருக்கிறது. தன் கை பிழைத்ததாக்கும் என்று திரும்ப எடுத்தாள். மூன்று தரமும் அதே ஐந்து தசம் ஒன்று. முதுகைத் தடவினாள். நடு எலும்பு விரலில் முகடு மாதிரித் தட்டுப்பட்டது.

“ஆரெலி, உன்ரை தராசு பிழை.”

ஆரெலி சிரித்துக்கொண்டு, கடையில் இருந்த நூறு கிராம் படிக்கல்லை வைத்துக் காட்டினாள். தராசு நூறு என்றது.

தராசும் சரி, நூலும் சரி என்றால் மிச்சம் இருக்கிறது ஒன்றுதான். கோசலையின் பார்வை மேசையில் கிடந்த பைக்குப் போனது. அங்கே கிடந்த கதிரையில் போய் இருந்தாள்.

சொல்லாமல் விடலாம். இரவைக்கு மடிப்பைப் பிரித்துக் காசை எடுத்துவிட்டால், அடுத்த புதன் தராசு தானாக இறங்கும். திடீரென்று விழுந்துபோச்சு என்று வைத்தியரிடம் போகலாம். பேரும் தப்பும், நேர்த்தியும் தப்பும். ஆனால் ஒரு கிழமை போய்விடும். விரலில் தட்டிய அந்த எலும்புக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறதோ என்பது அவளுக்குத் தெரியாது.

கத்தரிக்கோலை எடுத்து மடிப்பைப் பிரித்தாள். மஞ்சள் முடிச்சை மேசையில் வைத்தாள்.

“இது நான் வைச்சது. சாமிக்கு. மூண்டு கிழமையா இதையும் சேத்துத்தான் நிறுத்திருக்கிறம்.”

ஆரெலி முடிச்சைத் தராசில் வைத்தாள். ஒன்பது. பதிவேட்டை இழுத்து, பேனாவால் மூன்று எண்ணை வெட்டி மாற்றி எழுதினாள்: நூற்றுமுப்பத்தெட்டு, நூற்றுமுப்பத்துநாலு, நூற்றுமுப்பத்தொன்று.

“போன கிழமையே போயிருக்க வேண்டும்.” அவள் குரலில் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. “ஏன் மதாம் சொல்லவில்லை?”

“சொன்னால் பலிக்காது.”

“இப்போது சொல்லிவிட்டீர்களே.”

“ஓம். இனி அது பலிக்காது. நீ போன் எடு.”

பாம்பு பார்க்கிற வைத்தியர் இருப்பது பாரிசுக்கு வெளியே பொண்டியில். ஐந்தரைக்கு வரச் சொன்னார்கள். வெளியே மழையும் குளிரும். பாம்புக்குக் குளிர் ஆகாது என்று கோசலை பையைத் தன் குளிர் உடுப்புக்குள், வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டாள். ரெயினில் எதிரே வந்து இருந்தவர் மீன்கடை லியோனல். கண்டால் கதைக்காமல் விடாத மனிசன்.

“என்ன அக்கா, இந்த நேரத்திலை பொண்டிப் பக்கம்? உடுப்புக்குள்ளை என்ன, மரக்கறியோ?”

“ஓம் தம்பி. புடலங்காய்.”

“கறிக்கோ, வறைக்கோ?”

அந்த நேரம் புடலங்காய் உள்ளே ஒருக்கால் புரண்டது. லியோனல் அதைப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் பெட்டி மாறி ஏறிவிட்டார். ஆரெலி, அவ்வளவு கோபத்திலும், முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வைத்தியர் ஜாங்கிரியின் வாயை மெல்லத் திறந்து, சின்ன வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். உள்ளே, தொண்டையை ஒட்டின பல்முரசு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. விழுங்க நோகும், அதுதான் சாப்பிடவில்லை. ஊசி போட வேண்டும், வாய் கழுவ வேண்டும், மூன்று கிழமை. இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் கையை விரித்திருப்பேன் என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்க, ஆரெலி கோசலையைக் காட்டினாள். வைத்தியர் அந்தத் தையல் கொப்பியை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் மணப்பெண் சட்டையின் கைநீளம். அடுத்த பக்கத்தில் பாம்பின் இடுப்பு, ஒவ்வொரு கிழமைக்கும் மில்லிமீற்றர் கணக்கில்.

திரும்பி வந்து கிருத்திக்குக்குப் போன் எடுக்கிறது ஆர் என்று ஆரெலி தயங்கினாள். கோசலை போனை வாங்கிக்கொண்டாள். அலங்காரம் ஒன்றும் இல்லாமல் சொன்னாள்: காசு வைத்தது, தராசு பிழைத்தது, நல்ல செய்தி என்று போட்டது நல்ல செய்தி இல்லை, இப்போது ஊசி போட்டிருக்கிறது.

கிருத்திக் தாயின் கட்டிலை விட்டு வெளியே வந்து பேசினான்.

“ஆண்ட்டி, நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“எனக்குத் தெரியுமெல்லோ தம்பி.”

“பொழைச்சுக்குமா?”

“அது எனக்குத் தெரியாது. தெரியாததை இனிச் சொல்ல மாட்டன்.”

அந்த மூன்று கிழமையும் கோசலை காலையில் கடை திறக்க முதல் ஆரெலியிடம் போவாள். ஆரெலி தலையைப் பிடிக்க, இவள் பஞ்சால் வாய் கழுவுவாள். துஷாந்திக்கு அது பொறுக்கவில்லை.

“மச்சாள், உங்களுக்கு விசரே? என்ரை மகளின்ரை சட்டை ஒரு மாதமாக் கிடக்கு, நீங்கள் பாம்புக்குப் பல்லு விளக்கிக்கொண்டு திரியிறியள்.”

“உம்முடைய மகள் சாப்பிடுறாளோ?”

“நல்லாச் சாப்பிடுறாள்.”

“அப்ப அவள் பொறுப்பாள். சட்டையிலையும் ரெண்டு விரல் கூட விடுறன்.”

பாரம் நூற்றிருபத்தெட்டு வரைக்கும் இறங்கியது. ஒவ்வொரு தரமும் கோசலை முதலில் வெறும் பையைத் தராசில் வைப்பாள். “அறுபது என்றுதான் தெரியுமே” என்று ஆரெலி சொன்னால், “தெரிஞ்சாலும் பார்” என்பாள். நாலாம் கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை ஆரெலி ஓடிவந்து, சாறிக்கடை வாசலில் நின்றபடியே, “விழுங்கிவிட்டது! முழுதாக!” என்று கத்தினாள். கடையில் நின்ற சனத்துக்கு என்ன விழுங்கியது, ஆர் விழுங்கியது என்று விளங்கவில்லை. கோசலை மெசினை நிறுத்தி, கண்ணைத் துடைத்துவிட்டு, “இப்ப தூக்காதை. ரெண்டு நாளைக்குத் தொடக் கூடாதெண்டு நீதானே எனக்குச் சொன்னனி” என்றாள்.

கிருத்திக் தைமாதக் கடைசியில் வந்தான். தாய் எழும்பி நடக்கிறாளாம். கோசலைக்கென்று ஒரு டப்பா அதிரசம் கொடுத்துவிட்டிருந்தாள். கோசலை அவனுக்கு முன்னாலே வெறும் பையை வைத்துக் காட்டி, பிறகு பாம்போடு நிறுத்தாள். நூற்றுநாற்பத்தாறு.

“நீர் தந்தது நூற்றைம்பத்திரண்டு. ஆறு கிராம் குறையத்தான் திருப்பித் தாறன் தம்பி.”

அவன் பாம்பை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, குனிந்து அவள் காலைத் தொட்டான். பாம்பும் அவனோடு குனிந்தது. துஷாந்தி வாசலை விட்டு இரண்டு அடி பின்னால் போனாள்.

அவன் போன பிறகுதான் கோசலை பதிவேட்டைப் பார்த்தாள். ஆரெலி எல்லாப் பக்கத்திலும் புதிதாகக் கோடு போட்டிருந்தாள். நீளம், பாரம், அதற்கடுத்து இன்னொரு நிரல். அந்த நிரலின் தலையில் பிரெஞ்சு எழுத்தில் “கோசலை” என்று எழுதியிருந்தது. சாமான் வாங்க வருகிற பாம்புக்காரர்கள்கூட இப்போது, “நீளம் தொண்ணூறு, பாரம் இருநூறு, கோசலை ஆறு” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்களாம்.

“இதென்ன வேலை? என்ரை பேரைக் கொண்டுபோய்ப் பாம்பின்ரை இடுப்பிலை கட்டிவைச்சிருக்கிறாய். வெட்டு அதை.”

“வெட்ட மாட்டேன் மதாம்.”

கோசலை பேனாவைப் பறித்தாள். வெட்டப் போன கை, ஜாங்கிரியின் கடைசி வரியில் வந்து நின்றது. ஆரெலி அங்கே ஐந்தரை என்று எழுதியிருந்தாள். கோசலை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, அந்த எண்ணை வெட்டி, பக்கத்தில் வடிவாக எழுதினாள்.

“பேரைப் போட்டால் சரியாப் போடு. ஐஞ்சரை இல்லை. ஐஞ்சு தசம் நாலு.”